குஞ்சு விடுவதற்கு முன்னும் பிடிப்பு நாளிலும்: இறால் குளத்தில் 12 ஆண்டுகள்

நாகப்பட்டினம் மாவட்டத்தின் தெற்குக் கரையில், வேதாரண்யத்துக்கு அருகில், தலா ஒன்றரை ஏக்கர் கொண்ட இரண்டு குளங்களைக் குத்தகைக்கு எடுத்து 2013ஆம் ஆண்டு இறால் வளர்ப்பில் இறங்கினேன். இதுவரை 19 முறை குஞ்சு விட்டிருக்கிறேன். அவற்றில் ஐந்து முறை முதலுக்கே மோசமானது. நான்கு முறை கைக்கும் வாய்க்கும் சரியாக இருந்தது. மற்றவற்றில் லாபம் பார்த்தேன். ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு எழுதி வந்ததால், பணம் எங்கே போனது என்பதைப் பின்னால் உட்கார்ந்து கணக்குப் பார்க்க முடிந்தது. பார்த்தபோது ஒன்று தெரிந்தது. எனக்கு நேர்ந்த நஷ்டங்களில் பெரும்பகுதி இறால் வளரும் 110 நாட்களில் செய்த தவறுகளால் வந்ததல்ல. குஞ்சு விடுவதற்கு முந்தைய ஒரு மாதத்திலும், பிடிப்பு நடக்கும் அந்த ஒரே நாளிலும் செய்த தவறுகளால் வந்தது. புதிதாக இத்தொழிலுக்கு வருகிறவர்கள் தீவனம், மருந்து, ஏரேட்டர் (நீரில் காற்றைக் கலக்கும் இயந்திரம்) என்று குளத்துக்குள்ளேயே கவனம் செலுத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்லத் தோன்றும்.

எங்கள் மாவட்டத்தில் இறால் பண்ணை என்பது சண்டையோடு பிறந்த தொழில். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வயல்களை ஒட்டிக் குளம் வெட்டப்பட்டபோது, குடிநீர் உப்பாகிறது, விவசாயக் கூலி வேலை போகிறது என்று சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான், 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் இந்தியக் கடலோரம் முழுவதற்குமான தீர்ப்பை வழங்கியது. அதைத் தொடர்ந்து ஒழுங்குமுறை அமைப்பு வந்தது. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. இன்று அந்த ஆணையத்தின் பதிவு இல்லாமல் பண்ணை நடத்த முடியாது. வனாமி என்ற வெளிநாட்டு இறால் வகையை வளர்க்கத் தனி அனுமதி வேண்டும். கழிவுநீரைத் தேக்கித் தெளிய வைத்த பிறகே வெளியே விட வேண்டும். இதையெல்லாம் அலைச்சல் என்று பேசும் பண்ணைக்காரர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. என் குளத்தின் கழிவுநீர்தான் அடுத்த குளத்தின் உள்வரும் நீர். அந்த ஓடையில் எல்லோரும் எல்லோருடைய நோயையும் பகிர்ந்துகொள்கிறோம். குத்தகைக்கு எடுக்கிறவர்கள், பதிவு நில உரிமையாளரின் பெயரில் இருக்கிறதா, அதன் காலம் முடிந்துவிட்டதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். நான் அவசரப்பட்டு, பதிவு காலாவதியான ஒரு குளத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, ஒரு பருவம் முழுவதும் காத்திருந்தேன்.

நான் இறங்கிய காலம் வனாமியின் பொற்காலம். அதற்கு முன் இங்கே வளர்த்தது கருப்பு வரி இறால். அதைத் தொண்ணூறுகளின் நடுவில் வந்த வெண்புள்ளி நோய் படுக்க வைத்துவிட்டது. 2009இல் வனாமிக்கு அரசு அனுமதி கொடுத்தது. நோயற்றவை என்று சான்று பெற்ற தாய் இறால்களை வெளிநாட்டிலிருந்து இறக்கி, சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் வைத்துச் சோதித்து, அதன் பிறகே பொரிப்பகங்களுக்குக் கொடுக்கிறார்கள். தாய் சுத்தமானது என்றால் குஞ்சும் சுத்தமானதுதானே என்று நான் நினைத்தேன். நீலாங்கரையிலிருந்து என் குளத்துக்கு வந்து சேர்வதற்குள் குஞ்சு எத்தனை தொட்டிகளையும் எத்தனை கைகளையும் கடந்து வருகிறது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

முதல் பருவத்திலேயே இரண்டு தவறுகளைச் சேர்த்துச் செய்தேன். ஒன்று, ஆகஸ்ட் கடைசியில் குஞ்சு விட்டது. வளர்ச்சி சூடுபிடிக்கும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும், குளத்தின் உப்பளவு சரியும், நீரின் வெப்பம் 27 டிகிரிக்குக் கீழே இறங்கும் என்பதும், வெண்புள்ளி வைரஸ் காத்திருப்பதே அந்தக் குளிர்ச்சிக்காகத்தான் என்பதும் எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது தவறு, குஞ்சில் வைரஸ் இருக்கிறதா என்று காட்டும் பி.சி.ஆர். பரிசோதனைக்குச் சில ஆயிரம் ரூபாய் செலவிட மனம் வராமல், முகவர் காட்டிய நகல் அறிக்கையை நம்பியது. சட்டப்படி அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு சதுர மீட்டருக்கு 60 குஞ்சுகள். நான் அந்த உச்சத்திலேயே, இரண்டு குளத்திலும் சேர்த்து ஏழு லட்சத்துக்கு மேல் விட்டேன்.

ஐம்பத்திரண்டாம் நாள் காலையில் காவலுக்கு இருந்த பெரியவர் கொட்டகைக்கு வந்து, "தம்பி, காக்கா ரெண்டாம் குளத்துல எறங்கி எறங்கி ஏறுது, பாத்தீங்களா?" என்று கேட்டார். காக்கை இறங்கினால் என்ன என்று எனக்குப் புரியவில்லை. நலமாக இருக்கும் இறால் பகலில் அடியில் கிடக்கும். காக்கையின் அலகுக்கு எட்டும் தூரத்தில் அது வருகிறது என்றால் அதற்கு நீந்தவே தெம்பு இல்லை என்று பொருள். கரையோரம் ஒதுங்கிக் கிடந்த ஒன்றை எடுத்து, தலை ஓட்டைப் பிய்த்து, உட்புறத்து ஈரத்தைத் துடைத்து, வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். ஓட்டில் சுண்ணாம்புத் துளி தெறித்ததுபோல வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. நான்கு நாட்களில் அந்தக் குளம் முடிந்தது. ஆறாம் நாள் அடுத்த குளம். அப்போது மதகைத் திறந்து நீரை ஓடையில் விட்டுத் தலைமுழுகிவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. பெரியவர் விடவில்லை. பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, வைரஸும் அதைச் சுமக்கும் நண்டும் சாகும்வரை நீரை அடைத்தே வைத்திருந்தோம். அக்கம்பக்கத்துக் குளங்களுக்கு நாங்களே போய்ச் சொன்னோம். அவ்வாறு சொன்னதனால் பிற்காலத்தில் என்னிடமும் நான்கு பேர் முன்கூட்டி வந்து சொன்னார்கள்; அதில் இரண்டு முறை அவசரமாகப் பிடித்து முதலீட்டைக் காப்பாற்றினேன்.

அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு பெரும் பருவம் என்று வைத்துக்கொண்டேன். பிப்ரவரி நடுவில் குஞ்சு விட்டு, ஜூன் முதல் வாரத்துக்குள் பிடித்துவிடுவது. நிலைமை ஒத்துவந்தால் மட்டும் சிறிய அளவில் இன்னொரு முறை. இதில் இன்னொரு வசதியும் உண்டு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால், அந்த நாட்களில் கடல் இறால் வரத்துக் குறைந்து உள்ளூர் வியாபாரிகளும் குளத்துக்கு வருவார்கள். ஏற்றுமதிக் கம்பெனியின் ஆள் ஒருவரை மட்டுமே நம்பி நிற்கும் நிலை அப்போது கொஞ்சம் தளரும்.

குஞ்சு வாங்க நானே பொரிப்பகத்துக்குப் போகத் தொடங்கினேன். ஒரு வெள்ளைப் பேசினில் இருநூறு குஞ்சுகளைப் போட்டு, கையால் நீரை ஒரு சுற்றுச் சுழற்றிவிட்டால், தெம்புள்ள குஞ்சு நீரோட்டத்துக்கு எதிராக முகத்தைத் திருப்பி விளிம்போரம் நிற்கும். நோஞ்சான் குஞ்சு நடுவில் குப்பைபோலக் குவியும். இதைப் பார்க்க ஐந்து நிமிடமும் ஒரு ஜோடிக் கண்ணும் போதும். அடுத்து, நூறு குஞ்சுகளை எண்ணி, உப்பளவைப் பாதியாகக் குறைத்த நீரில் விட்டு, இரண்டு மணி நேரம் கழித்து எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று பார்ப்பேன். தொண்ணூற்றைந்துக்குக் கீழே இருந்தால் அந்தத் தொட்டி எனக்கு வேண்டாம். இவை இரண்டிலும் தேறிய பிறகே பி.சி.ஆர். பரிசோதனை, மாதிரியை எடுத்து ஆய்வகத்தில் கொடுப்பதும் நானேதான்.

வெண்புள்ளியைவிட எனக்கு அதிக நஷ்டம் கொடுத்தது இ.எச்.பி. என்று அழைக்கப்படும் நுண்ணுயிர். வெண்புள்ளி ஒரே வாரத்தில் கொன்றுவிடும். செலவு அத்தோடு நிற்கும். இ.எச்.பி. கொல்லாது. இறால் தின்னும், அலையும், வளராது. எண்பதாம் நாள் வலை வீசினால் ஒரே வீச்சில் பதினைந்து கிராமும் நான்கு கிராமும் சேர்ந்து வரும். அடுத்த வாரம் தேறிவிடும் என்ற நம்பிக்கையில் நாமும் தீவனத்தைக் கொட்டிக்கொண்டே இருப்போம். உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் தீவனம்தான் என்பதால், வளராத இறாலுக்கு ஒரு மாதம் தீவனம் போட்டால் அந்தப் பருவம் கடனில்தான் முடியும். 2017இல் நான் 40 நாட்கள் அப்படிப் போட்டேன். அதன் வித்துகளை அழிக்க நீரில் போடும் குளோரினை மட்டும் நம்ப முடியாது. குளத்தை வெடிப்பு விழும் அளவுக்குக் காயவிட்டு, அடியில் தேங்கிய கருஞ்சேற்றை வாரி வெளியேற்றி, ஹெக்டேருக்கு ஆறு டன் என்ற கணக்கில் சுட்ட சுண்ணாம்பைப் பரப்பி, அரை அடி ஆழத்துக்குள் உழுது, ஈரப்படுத்திவிட்டு ஒரு வாரம் விட வேண்டும். சாதாரண விவசாயச் சுண்ணாம்பு இதற்கு உதவாது; மண்ணின் கார அமில அளவு 12 வரை ஏற வேண்டும் என்பதால் சுட்ட சுண்ணாம்புதான் வேண்டும். என் ஒன்றரை ஏக்கர் குளத்துக்கு இது மூன்றரை டன்னுக்கு மேல் வருகிறது. ஒரு மாதக் குத்தகையும் சுண்ணாம்புச் செலவும் கண்ணை உறுத்தும்தான். அந்த 40 நாள் தீவனச் செலவு இதைவிடப் பல மடங்கு.

வளர்க்கும் காலத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். இதைச் சொல்லித் தர நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு குதிரைத்திறன் ஏரேட்டர் 400 முதல் 500 கிலோ இறாலைத் தாங்கும். செக் டிரேயில் (இறால் எவ்வளவு தின்கிறது என்று பார்க்கக் குளத்தில் இறக்கும் தட்டு) வைத்த தீவனம் இரண்டு மணி நேரத்தில் தீராவிட்டால் அடுத்த வேளையைக் குறைக்க வேண்டும். இறாலின் முதுகுக் குடல் கோடு அறுந்து அறுந்து தெரிந்தால் எச்சரிக்கை. ஆனால் ஓர் இரவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது.

2016 மே மாதத்தில் மூன்று நாட்கள் தொடர்ந்து வானம் மூடிக் கிடந்தது. வெயில் இல்லாததால் குளத்தில் பச்சையாக இருந்த நுண்பாசி மடிந்து, நீர் தேநீர் நிறமாக மாறியது. அதை நான் பார்த்தேன், பொருட்படுத்தவில்லை. விடியற்காலை இரண்டரை மணிக்கு மின்சாரம் போனது. எனக்கு விழிப்பு வந்ததே ஏரேட்டர் சத்தம் நின்றதால்தான். ஜெனரேட்டரின் பேட்டரி இறங்கிப்போயிருந்தது. கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றி என் உள்ளங்கைத் தோல் உரிந்தது. டார்ச்சை அடித்துப் பார்த்தபோது, குளத்தின் மூலையில் ஆயிரக்கணக்கான சிவப்புக் கண்கள் நீர்மட்டத்தில் மின்னின. அடியில் இருக்க வேண்டிய இறால் முழுவதும் மூச்சுக்காக மேலே வந்துவிட்டது. பக்கத்துப் பண்ணைக்காரர் தன் டிராக்டர் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வரப்பில் ஓடி வந்தார். அதற்குள் ஆக்சிஜன் மாத்திரை இருந்த ஒரே வாளியையும் மூலையில் கொட்டியிருந்தேன். மூன்றே முக்காலுக்கு ஏரேட்டர் சுற்றியது. மறுநாள் அடியிலிருந்து வாரியபோது 600 கிலோ அளவுக்கு இறந்திருந்தது. அன்றிலிருந்து மாலை ஆறு மணிக்கு ஜெனரேட்டரைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து நோட்டில் கையெழுத்துப் போடுவது வழக்கமாகிவிட்டது. பாசி மடிந்த அன்று இரவுத் தீவனத்தை அறவே நிறுத்திவிடுகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல், ஏரேட்டர்களைத் தூக்கி அடுத்தவர் தென்னந்தோப்பில் போட்டது. குளத்தில் அப்போது இறால் இல்லை. பருவமழைக் காலத்தில் குளத்தைக் காயப் போடுவது என்ற முடிவை நோய்க்குப் பயந்து எடுத்திருந்தேன். அது புயலிலும் என்னைக் காப்பாற்றியது தற்செயல்தான்.

இனி விற்பனை. 2023-24இல் இந்தியா 17.8 லட்சம் டன் கடல் உணவை ஏற்றுமதி செய்து 60,523 கோடி ரூபாய் ஈட்டியது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உறைய வைத்த இறாலில் வந்தது. அதை அதிகம் வாங்கும் நாடு அமெரிக்கா. ஆகையால் வேதாரண்யத்துக் குளத்தங்கரையில் காலை ஏழு மணிக்குச் சொல்லப்படும் விலை, நாம் முகம் பார்க்காத இறக்குமதியாளர்கள் தீர்மானித்தது. அந்த விலையோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. அந்த விலைக்கும் நம் கைக்கு வரும் தொகைக்கும் நடுவே நடப்பவற்றில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

முதலாவது, கவுண்ட். ஒரு கிலோவில் எத்தனை இறால் என்பதே விலை. 50 கவுண்ட் என்றால் ஒன்று 20 கிராம். பிடிப்பு நாளில் வாங்குபவரின் ஆள் ஒரு கூடையிலிருந்து அள்ளி எடை போட்டு எண்ணுவார். கூடையின் மேல்பக்கத்தில் அள்ளுகிறாரா, ஓரத்தில் அள்ளுகிறாரா என்பதைப் பொறுத்தே இரண்டு மூன்று கவுண்ட் மாறும். ஒரு கவுண்டுக்கு நான்கு ரூபாய் வித்தியாசம் என்று வைத்தாலும், மூன்று டன்னில் இரண்டு கவுண்ட் தவறினால் 24,000 ரூபாய். அந்தத் தொகையை எத்தனையோ பிடிப்புகளில் விவரம் தெரியாமல் விட்டிருக்கிறேன். இப்போது முதல், நடு, கடைசி என மூன்று வலை இழுப்புகளிலிருந்தும் எடுத்து, இரண்டு பேரும் சேர்ந்து எண்ணி, சராசரியை எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே வண்டியில் ஏற்றுகிறோம். எண்ணும்போது தன் தம்பியைத்தான் நிற்க வைக்க வேண்டும் என்று என் மனைவி பிடிவாதமாக இருந்தார். அவர் சொன்னது சரி. நான் இரவெல்லாம் விழித்து அரைத்தூக்கத்தில் நிற்பேன். மச்சான் தூங்கி எழுந்து வந்து நிற்பார்.

இரண்டாவது, மென்தோல். இறால் ஓடு கழற்றும் நாட்களில் பிடித்தால் உடல் கொழகொழவென்று இருக்கும். அதைத் தனியே பிரித்துப் பாதி விலை போடுவார்கள், அல்லது மொத்த எடையில் கழிப்பார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓடு கழற்றுவது அதிகம். அதனால் பிடிப்புத் தேதியை முடிவு செய்வதற்கு முன் நூறு இறாலைக் கையால் அழுத்திப் பார்க்கிறேன். ஐந்துக்கு மேல் மென்மையாக இருந்தால் மூன்று நாள் தள்ளிவைப்பேன். வண்டி ஏற்கெனவே புறப்பட்டுவிட்டது, இன்றே பிடிக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறவருக்கு விற்பதில்லை.

மூன்றாவது, எனக்கு இன்றும் குற்ற உணர்வு தரும் விஷயம். 2019இல் குடல் நோய்க்கு என்று ஒரு விற்பனையாளர் பெயர்ச்சீட்டு ஒட்டாத பொடி ஒன்றைக் கொடுத்தார். "எல்லாரும் போடுறாங்கண்ணே, ஒண்ணும் ஆகாது" என்றார். தீவனத்தில் கலந்து பத்து நாட்கள் போட்டேன். பிடிப்புக்கு முந்தைய பரிசோதனையில் நைட்ரோபியூரான் என்ற தடை செய்யப்பட்ட நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் எச்சம் இருப்பதாக முடிவு வந்தது. ஐரோப்பியச் சந்தைக்குப் போகும் இறாலுக்கு, கடல் உணவு ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் ஆய்வகத்தில் இந்தப் பரிசோதனை கட்டாயம். அவர்கள் தேடுவது நூறு கோடியில் ஒரு பங்கு அளவிலான எச்சத்தை. 2016இல் ஐரோப்பாவில் நம் வளர்ப்பு இறால் சரக்குகளில் பாதியைப் பிரித்துச் சோதிக்கத் தொடங்கினார்கள். அந்த மருந்து தசையில் ஒட்டிக்கொண்டால் வாரக்கணக்கில் போகாது. ஏற்றுமதிக்காரர் மறுத்துவிட்டார், வேறு வழியின்றி அந்த இறாலை உள்ளூர்ச் சந்தைக்குக் குறைந்த விலையில் கொடுத்தேன். அயல்நாட்டான் தின்னக் கூடாதது நம் ஊர்க் குழந்தை தின்னலாமா என்று அன்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது பெயர்ச்சீட்டும் தொகுப்பு எண்ணும் இல்லாத எதுவும் என் கொட்டகைக்குள் வருவதில்லை. வாங்கிய ஒவ்வொரு மூட்டையின் சீட்டையும் கிழித்து நோட்டில் ஒட்டிவைக்கிறேன்.

கடனைப் பற்றியும் சொல்ல வேண்டும். தீவன முகவர் கடனுக்கு மூட்டை தருவார். ரொக்க விலையைவிடக் கூடுதல் விலை. அதோடு இறாலை அவர் சொல்லும் ஆளுக்கே கொடுக்க வேண்டும் என்ற வாய்மொழி ஒப்பந்தமும் உண்டு. விலை, கவுண்ட், எடைக் கழிவு மூன்றையும் பேசும் உரிமை அந்த ஒரு வாய்மொழியிலேயே போய்விடும். இதிலிருந்து வெளியே வர எனக்கு ஐந்து பருவங்கள் ஆயின. வந்த வழி ஒன்றுதான்: குஞ்சு எண்ணிக்கையைச் சதுர மீட்டருக்கு 60இலிருந்து 35ஆகக் குறைத்தேன். ஒரு குளத்துக்கு 2,10,000 குஞ்சு. எண்பது சதவீதம் பிழைத்து 50 கவுண்ட் வந்தால் 3.3 டன்னுக்கு மேல் கிடைக்கிறது. அந்த அளவுக்கான தீவனத்தைப் பாதியாவது ரொக்கமாக வாங்க முடிகிறது. எட்டுக் குதிரைத்திறன் ஏரேட்டர் போதுமானதாக இருக்கிறது. இரவில் தூக்கமும் வருகிறது.

இந்தக் குறைந்த கணக்கு 2025 ஆகஸ்டில் எனக்குக் கைகொடுத்தது. அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 25 சதவீதம் கூடுதல் வரி போட்டு, அந்த மாதம் 27ஆம் தேதி அதை 50 ஆக்கியது. இறாலுக்கு ஏற்கெனவே இருந்த பொருள்குவிப்புத் தடுப்பு வரியும் மானிய எதிர்ப்பு வரியும் தனி. எங்களோடு போட்டியிடும் ஈக்வடாருக்கு அப்போது 15 சதவீதம்தான். அந்த வாரம் வாங்குபவர்கள் விலை சொல்லவே மறுத்தார்கள். சிலர் போனையே எடுக்கவில்லை. இரண்டாம் சுற்றாக ஒரு குளத்தில் மட்டும் விட்டிருந்த இறால் அப்போது 70 கவுண்டில் இருந்தது. கடன் இருந்திருந்தால் முகவர் அன்றே பிடிக்கச் சொல்லியிருப்பார். நெருக்கம் குறைவாக இருந்ததாலும் மழைக்கு இன்னும் நாள் இருந்ததாலும், தீவனத்தை மட்டுப்படுத்தி இன்னும் 24 நாட்கள் வைத்திருந்தேன். பிறகு தலையோடு வாங்கிக்கொள்ளும் உள்நாட்டு வியாபாரிகள் இருவருக்குப் பிரித்துப் பகுதி பகுதியாகப் பிடித்துக் கொடுத்தேன். லாபம் என்று பெரிதாக இல்லை. ஆனால் முதல் தப்பியது. அதே ஓடையில் சதுர மீட்டருக்கு 60 விட்டிருந்தவர்கள் ஒரே நாளில் மொத்தமாகப் பிடித்துக் கேட்ட விலைக்குக் கொடுத்தார்கள்.

இப்போது இரண்டு குளங்களும் காய்ந்து கிடக்கின்றன. முதல் குளத்தின் நடுவில் கருஞ்சேறு இன்னும் ஒரு விரற்கடை தங்கியிருக்கிறது. வெடிப்புக்குள் கம்பைச் செருகினால் நுனி ஈரமாகவே வருகிறது. சுண்ணாம்பு வண்டியை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லியிருக்கிறேன். பொரிப்பகத்துக்காரர் பிப்ரவரி முதல் வாரமே குஞ்சு தயார் என்கிறார். குளம் காய்ந்த பிறகு தேதி சொல்கிறேன் என்று பதில் கொடுத்திருக்கிறேன்.